பாகுபாட்டை மெய்ப்பிக்கும் சுமை: அரசுப் பணி வழக்குகளில் பாலினச் சமத்துவம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நிலையான வேலை என்றால் பெரும்பாலும் அரசு வேலைதான். தீவு நிர்வாகத்தின் துறைகள், முப்படைகளின் கூட்டுக் கட்டளையகம், கடலோரக் காவல்படை ஆகியவை இங்கு வேலை தருவோரில் முதன்மையானவை. பெண் என்பதால் பதவி உயர்வோ ஊதியமோ மறுக்கப்பட்டதாகக் கருதும் அரசு ஊழியர், அரசியலமைப்பின் 14, 15, 16 ஆகிய பிரிவுகளை நேரடியாக முன்வைத்து வழக்குத் தொடரலாம். தனியார் நிறுவன ஊழியருக்குப் பொதுவாக அந்த வழி இல்லை. அவருக்கு 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்புதான் முதன்மைத் துணை.

முறையீட்டு மன்றம் பணியைப் பொறுத்து மாறுகிறது. குடிமைப் பணி ஊழியர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் கொல்கத்தா அமர்வை நாட வேண்டும்; அது போர்ட் பிளேரிலும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுற்றமர்வு நடத்துகிறது. படையினருக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கொல்கத்தா அமர்வு உண்டு. கடலோரக் காவல்படை அதன் வரம்புக்குள் வராததால், அப்படையினர் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்கின்றனர். கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்கும் தீவுத் தலைநகரில் சுற்றமர்வு உண்டு.

விதியிலேயே பாகுபாடு எழுதப்பட்டிருக்கும்போது இந்த வழக்கு முறை வலுவாகச் செயல்படுகிறது. அங்கே விதியே சான்று. மனுதாரர் எவருடைய உள்நோக்கத்தையும் தோண்ட வேண்டியதில்லை. வெளியுறவுப் பணியில் உள்ள பெண் திருமணத்துக்கு அனுமதி பெற வேண்டும் என்ற விதியை, 1979-இல் முத்தம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. திருமணமானதற்காக 1988-இல் பணிநீக்கப்பட்ட இராணுவச் செவிலியர் ஒருவருக்கு 60 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2024-இல் அதே நீதிமன்றம் ஆணையிட்டது. அரசு கூறும் காரணங்களையும் நீதிமன்றம் அப்படியே ஏற்பதில்லை. ரஷ்யக் கப்பல்களில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்ற வாதம், கடற்படை அதிகாரிகள் தொடுத்த அன்னி நாகராஜா வழக்கில் (2020) நிராகரிக்கப்பட்டது.

யாரோடு ஒப்பிடுவது என்ற கேள்வியில் முதல் பலவீனம் தெரிகிறது. நர்கீஸ் மிர்சா வழக்கில் (1981), முதல் கருத்தரிப்போடு விமானப் பணிப்பெண்ணை வேலையிலிருந்து அனுப்பும் விதி செல்லாது என்று தீர்ப்பானது. ஆனால் ஆண் ஊழியர்களோடு ஒப்பிட்டுக் கேட்ட சமத்துவம் கிடைக்கவில்லை. ஆட்சேர்ப்பும் பதவி உயர்வும் வேறு என்பதால் இரு தரப்பும் தனித்தனிப் பிரிவுகள் என்று நீதிமன்றம் கருதியது. நிர்வாகம் தானே வகுத்த வேற்றுமை அதற்கே கேடயமாயிற்று. 1987-இன் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கு இதற்கு மாறாகச் சென்றது. பெண் சுருக்கெழுத்தர்களின் வேலை ஆண்களின் வேலையை ஒத்ததா என்பதைப் பதவிப் பெயரால் அல்லாமல், செய்யும் பணியின் தன்மையால் நீதிமன்றம் அளந்தது. கொடுக்க வசதியில்லை என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. இரண்டாவது அளவுகோலே நியாயமானது. ஆயினும் அது சம ஊதியச் சட்டத்தின்கீழ் எழுந்தது. பதவி உயர்வுத் தகராறுகளுக்குத் தானாக நீளவில்லை.

2021 மார்ச்சில் வந்த நிதிஷா தீர்ப்பு பெரிய முன்னேற்றம். இராணுவத்தில் நிரந்தரப் பணிக்கான மதிப்பெண்ணும் உடல்தகுதியும் இரு பாலாருக்கும் ஒன்றே என்று அரசு வாதிட்டது. பெண்களுக்கு நிரந்தரப் பணியே கிடையாது என்றிருந்த காலத்தில் அக்கறையின்றி எழுதப்பட்ட ஆண்டு ரகசிய அறிக்கைகளை வைத்தே அந்த மதிப்பெண் போடப்பட்டதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. உள்நோக்கத்தை மெய்ப்பிக்கத் தேவையில்லை, விளைவே போதும் என்ற மறைமுகப் பாகுபாட்டுக் கோட்பாடு அங்கே உறுதியானது. ஆனால் இக்கோட்பாடு பெருங்குழுவின் அனுபவத்தை வைத்து ஓர் அளவுகோலைச் சோதிக்கவே ஏற்றது. சில பத்துப் பணியிடங்களே கொண்ட தீவுத் துறை ஒன்றில் இரண்டு பெண்கள் விடுபட்டால், அந்த எண்ணிக்கை எதையும் உறுதியாகக் காட்டாது.

தனிநபர் குறித்த முடிவுகளில்தான் முறையின் மையக் குறை உள்ளது. தேர்வுக் குழு ஒருவரைத் தகுதியற்றவர் என்று எழுதிவிட்டால், உண்மைக் காரணம் பாலினமே என்று காட்ட வேண்டியவர் மனுதாரர். இவ்வழக்குகள் பிரமாணப் பத்திரங்களையும் கோப்புகளையும் கொண்டே முடிவாகின்றன. அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்வது அரிது. தன் ஆண்டு அறிக்கையை ஊழியர் பெறலாம். சக ஊழியரின் பணிப்பதிவு தனிப்பட்ட தகவல் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியதால், தகவல் உரிமைச் சட்டம் ஒப்பீட்டுக்கு அதிகம் உதவாது. கோப்பைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. அதைப் பயன்படுத்துவது அமர்வின் விருப்பம். மனுக் கட்டணம் 50 ரூபாய் மட்டுமே என்றாலும், முதலில் துறைக்கு முறையிட வேண்டும். இறுதி ஆணையிலிருந்து ஓராண்டுக்குள் தீர்ப்பாயத்துக்கு வர வேண்டும். சான்று திரட்ட இந்தக் கால அளவு தாராளமானதல்ல.

பிற நாடுகள் மெய்ப்பிக்கும் சுமையை இரு தரப்புக்கும் பகிர்ந்துள்ளன. அமெரிக்காவில் 1973-இன் மெக்டொனெல் டக்ளஸ் தீர்ப்பின்படி, மனுதாரர் முதல்நோக்குச் சான்று தந்ததும் நிர்வாகம் காரணம் கூற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1997-ஆம் ஆண்டு நெறிமுறையும் பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் மேலும் சென்று, பாகுபாடு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையே நிர்வாகத்தின்மேல் வைத்தன. ஏமாற்றமடைந்தோர் அனைவரும் வழக்காட இது வழிவிடும் என்பது எதிர்வாதம். முதல்நோக்குச் சான்று என்ற படி இருக்கும்போது அந்த அச்சத்துக்கு வலுவில்லை. ஒருவருக்கே சிறப்பாகத் தெரிந்த உண்மையை அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்பது இந்தியாவின் சான்றுச் சட்டங்களுக்கும் பழகிய நெறிதான். நீரா மாத்தூர் வழக்கில் (1991) எல்ஐசி பணிநீக்கிய பெண்ணின் வேலை திருப்தியற்றது என்பதற்கு ஆவணம் இல்லாததால், உண்மைக் காரணம் வேறு என்று உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. அந்த அணுகுமுறை பொது விதியாக வளரவில்லை.

ஆக, பாகுபாடான விதியை வீழ்த்த இந்திய முறை போதுமானது. பாகுபாடான முடிவை வெளிக்கொணரப் போதாது. மெய்ப்பிக்கும் சுமையை நிர்வாகத்துக்கு மாற்றும் தெளிவான சட்டப்பிரிவும், தேர்வுக் கோப்புகளை முதல் விசாரணையிலேயே ஒப்படைக்கும் கட்டாயமும் சேர்ந்தால்தான் இந்தக் குறை தீரும்.