அம்மா வீட்டு மாடியில் சோலார் ஹீட்டர்

டொரன்டோவில் தம்பி வீட்டுக் குளியலறையில் ஷவருக்கு அடியில் தரையே வெதுவெதுப்பாக இருக்கும். டைல்ஸுக்குக் கீழே மின்கம்பி ஓடும் பாய், சதுர மீட்டருக்கு 150 வாட் அளவில். திண்டிவனத்தில் அம்மாவுக்கும் அதையே போடலாம் என்றான். எனக்கும் ஆசைதான். அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலி. ஆனால் இங்கே மார்கழி விடியலிலும் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. அம்மாவுக்கு வேண்டியது இரண்டு வாளி வெந்நீர், தண்ணீர் தேங்காத தரை. வாட்டத்தைச் சரிசெய்து சொரசொரப்பான டைல்ஸ் பதித்தோம், சுவரில் கைப்பிடி வைத்தோம். 2024 புரட்டாசியில் மாடியில் 100 லிட்டர் சோலார் ஹீட்டர் ஏறியது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. தட்டைப் பலகை வகையின் மெல்லிய செம்புக் குழாய்களை உப்பு சீக்கிரம் அடைத்துவிடும் என்பதால் கண்ணாடிக் குழாய் வகையை எடுத்தோம். இரட்டைக் கண்ணாடி, நடுவில் வெற்றிடம். தெற்குப் பார்த்து, தென்னை நிழல் விழாத மூலையில் வைத்தோம். பழைய தண்ணீர் டேங்க் சோலார் டேங்கைவிடத் தாழ்வாக இருந்ததால் அதற்கு மேடை கட்டி உயர்த்த வேண்டியிருந்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, செலவு கூடியது.

பொருத்திய அன்று உச்சிவெயில். காய்ந்து கொதித்த குழாய்களில் பிளம்பர் தண்ணீரைத் திறந்தார். 'டக்' என்று ஒரு சத்தம், ஒரு குழாய் அடிவரை விரிந்துவிட்டது. புதுக் குழாய் வர நான்கு நாள் ஆனது.

அதன்பிறகு குறை சொல்ல இடமில்லை. மாலை 5 மணிக்கு டேங்க் தண்ணீர் 63 டிகிரி, மறுநாள் காலை 6 மணிக்கு 56. மாடியிலிருந்து குளியலறைக்கு 12 மீட்டர் பைப், அதில் நிற்கும் மூன்று லிட்டர் பச்சைத்தண்ணீர் முதலில் வரும். ஷவரென்றால் அது வீண். அம்மா அதை வாளியிலேயே பிடித்து, மேலே வெந்நீரை விளாவிக்கொள்கிறார். சித்திரையில் மட்டும் கவனம் தேவை, தண்ணீர் கை வைக்க முடியாத அளவு கொதிக்கிறது.

ஐப்பசி, கார்த்திகைதான் இதன் பலவீனம். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பக்கத்து மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் மழை. அந்த நாட்களில் சோலார் தண்ணீர் பச்சையாகவே வந்தது, விழுப்புரத்தில் அக்கா வீட்டு கீசருக்கோ கரண்ட் இல்லை. இரண்டு வீட்டிலும் அடுப்பில்தான் வெந்நீர் வைத்தோம்.

அக்காவின் 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் இருபது நிமிடத்தில், அரை யூனிட்டுக்குச் சற்று மேலான மின்சாரத்தில், விளாவினால் இரண்டு வாளிக்கு ஆகும் வெந்நீர் தருகிறது. ஒருவர், இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது போதும். நான்கு பேருக்கு மேல் குளிக்கும் வீட்டில் நிழல் விழாத மாடி இருந்தால் சோலாரே என் தேர்வு: 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற கீசருக்கு 4 யூனிட் வேண்டும். வாங்கும் முன் தண்ணீர் டேங்கின் உயரத்தை அளந்துவிடுங்கள். முதல் தண்ணீரை வெயில் ஏறுமுன் விடிகாலையில் நிரப்பச் சொல்லுங்கள்.