தூரத்துக் கைகர் எண்ணி

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் வைத்திருந்த, கதிர்வீச்சை எண்ணும் ஒரு கைகர் எண்ணியை, அமெரிக்க மாணவர்கள் தங்கள் வகுப்பறையில் இருந்தபடியே இணையத்தின் வழியாக இயக்கிப் படித்தார்கள். நம் ஊர் நெல்லியடிச் சந்தியின் பஸ் ஹோர்ன் கேட்கிற ஒரு வீட்டு மேசைக்கும் ஒத்துவரக்கூடிய ஏற்பாடு இது. கதிர்வீசும் ஸ்ட்ரோன்சியம் 90 அங்கே பத்திரமாக இருக்கும். இங்கிருந்து, அதற்கும் எண்ணிக்கும் இடையே வேண்டிய தூரத்தையும் எண்ணவேண்டிய நேரத்தையும் குறித்து அனுப்பினால், அங்கே மோட்டார் இடைவெளியைச் சரிசெய்துவிட்டு நிற்கும். எண்ணி தன் வேலையைத் தொடங்கும்.

ரசிக்க வேண்டியது அதன் பிறகுதான். கைகர் எண்ணியின் ‘டிக்’ ஒலிக்குத் தாளக்கட்டு கிடையாது. தகரக் கூரையில் மழை தொடங்குவதுபோல இரண்டு சேர்ந்து விழும், கொஞ்சம் ஓயும், பிறகு படபடவென்று நாலைந்து. அதே தூரத்தில், அதே நேரத்துக்குத் திரும்ப எண்ணினாலும் பெரும்பாலும் அதே எண் வராது. கருவியில் பிழை இல்லை. அணுக்கரு சிதைகிற விதமே அப்படி. சலிக்காமல் எண்ணிக்கொண்டே போனால் சராசரி மெல்ல நிலைகொள்ளும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் எண்ணிக்கை ஏறத்தாழ நாலில் ஒன்றாகும். வரைபுத்தாளில் அந்த வளைகோடு புள்ளி புள்ளியாக இறங்கி வருவதைப் பார்ப்பது தனிச் சுகம். கையுறை போட்டு இடுக்கியால் பிடிக்கிற கைப்பழக்கத்தை இந்தத் தூரத்து ஆய்வு தராது. அதற்கு நேரில் ஆய்வுகூடம்தான் வேண்டும். ஆனால், அவசரப்படாமல் அளக்கிற மனப்பழக்கத்தை இது நன்றாகவே தரும்.