வரலாற்றுப் புதினமும் மலைநாட்டு வாசகரும்

எந்த நூலுக்கும் முதல் திறனாய்வாளர் வாசகரே. படித்து முடித்த சூட்டோடு அவர் அண்டை வீட்டாரிடமோ உடன் வேலை செய்வோரிடமோ கூறும் இரண்டு சொற்களில் பாராட்டும் இருக்கும், குறையும் இருக்கும். அச்சொற்களை இலக்கிய உலகம் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை. ஆயினும் தமிழ் வரலாற்றுப் புதினம் வளர்ந்த கதையில் வாசகரின் குரலுக்குத் தனி இடம் உண்டு.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. தொடர் நிறைவுற்றபோது வாசகர் பலர் மனநிறைவு கொள்ளவில்லை. கதை திடீரென முடிந்துவிட்டது என்றனர். இன்னார் என்ன ஆனார், இன்னாரின் மணம் நடந்ததா என்று வினவினர். கல்கி அவ்வினாக்களைப் புறக்கணிக்கவில்லை. முடிவுரை ஒன்றெழுதி, வரலாற்றுப் புதினத்தை விரும்பியவாறெல்லாம் முடிக்க இயலாது என்பதை விளக்கி, மாந்தர் சிலரின் பிற்கால நிலையையும் எடுத்துரைத்தார். ஆசிரியரும் வாசகரும் நேருக்கு நேர் உரையாடிய அரிய இடம் அது.

அத்தகைய உரையாடல் பெருநகரங்களுக்கு மட்டும் உரியதன்று. கேமரன் மலையின் வடபகுதியில், சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் சாலை வந்து சேரும் சிற்றூர் கம்போங் ராஜா. அதனை அடுத்துள்ளது புளூவேலி தேயிலைத் தோட்டம். குளிரும் மழையும் மாலைப் பொழுதை வீட்டுக்குள் அடைத்துவிடும் இத்தகைய ஊர்களில் கதைப் புத்தகம் ஒரு துணை. வார இதழ்த் தொடர்களைக் கிழித்தெடுத்துத் தைத்து வைப்பதும், ஒருவர் படிக்கப் பலர் கேட்பதும் தமிழ்க் குடும்பங்கள் நன்கறிந்த வழக்கங்கள். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் திரைப்படங்கள் வெளிவந்த பின்னர், முன்பு படித்தவரும் படம் மட்டும் பார்த்த இளையோரும் ஒரே கதையைப் பற்றிப் பேசும் வாய்ப்பும் கிட்டியது.

அப்பேச்சில் எழும் கருத்துகளை மூன்றாகப் பகுக்கலாம். மாந்தர்மீது கொள்ளும் பற்று முதலாவது. நிகழ்ச்சி உண்மையா, கற்பனையா என்னும் ஐயம் இரண்டாவது. பழம்பெருமை பற்றிய பூரிப்பு மூன்றாவது.

முதலாவதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. வந்தியத்தேவனின் குறும்பை நினைத்துச் சிரிக்காதவரும், நந்தினிக்காக ஒரு கணமேனும் இரங்காதவரும் அந்நூலைப் படித்தவராகார். ஆனால் அந்த இடத்திலேயே நின்றுவிடும் வாசிப்பு, வந்தியத்தேவனையும் நந்தினியையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சான்று. நந்தினியோ கல்கியின் படைப்பு. இவ்வேறுபாட்டை அறிவதால் சுவை குறையாது. எழுத்தாளரின் ஆற்றல் எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகும்.

இரண்டாவதாகிய ஐயமே திறனாய்வின் வித்து. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? கல்கி ஐயமற விடை கூறவில்லை. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டோ, அக்கொலைக்காகத் துரோகிகள் எனப்பட்ட இரவிதாசன் முதலியோரின் நிலங்கள் பறிமுதலானதைப் பேசுகிறது. அது இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. கொலைக்கும் நடவடிக்கைக்கும் இடையில், உத்தம சோழனின் ஆட்சிக்காலம் முழுவதும் கழிந்துவிட்டது. ஏன் இந்தத் தாமதம்? ஆய்வாளரே இதில் கருத்து வேறுபடுகின்றனர். கதையைப் படித்த மாணவன் இவ்வினாவை எழுப்பினால், புதினம் அவனை வரலாற்றின் வாயிலுக்கு அழைத்து வந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவதான பூரிப்பு மலேசிய வாசகரிடம் தனி வேகம் கொள்கிறது. காரணம் கடாரம். இராசேந்திர சோழனின் கடற்படை ஏறத்தாழ 1025-இல் வென்ற இடங்களுள் கடாரமும் ஒன்று. இன்றைய கெடாவே அது என்பர். சாண்டில்யனின் 'கடல் புறா' இளைய பல்லவனையும் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியையும் நடமாட விட்டபோது, இம்மண்ணின் வாசகர் தம் வீட்டு வாசலிலேயே கதை நிகழ்வதாக உணர்வது இயல்பே. கூலிகளாக வந்தவர் என்ற இழிசொல்லைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு, கப்பலோட்டி வந்த முன்னோரின் கதை நிமிர்ந்து நிற்கும் வலிமையைத் தந்தது. அந்த நன்மையை மறுப்பது நன்றியின்மை.

எனினும் வெற்றியை மட்டும் நினைவிற் கொள்ளும் வாசிப்பு பாதி வாசிப்பே. ஆனைமங்கலச் செப்பேடுகள் வேறொரு காட்சியைக் காட்டுகின்றன. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு, இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். போருக்கு முன்னர் நட்பு இருந்தது. கடலின் இருகரையும் வணிகத்தாலும் வழிபாட்டாலும் இணைந்திருந்தன. 'பொன்னியின் செல்வ'னில் அருள்மொழிவர்மர் நோயுற்றுத் தங்கியிருப்பதும் அவ்விகாரத்திலேதான். ஆனால் செப்பேடு கூறும் கொடை, அவர் 985-இல் அரியணை ஏறிய பின்னர் நிகழ்ந்தது. புதினத்தின் உரிமையையும் செப்பேட்டின் சான்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாசகர், பல இனத்தாரும் கூடி வாழும் நாட்டிற்கு ஏற்ற பெருமிதத்தைக் கண்டடைவார்.

இங்கே இன்னொரு வினாவும் எழுகிறது. வரலாறு என்பது அரசருக்கு மட்டும் உரியதா? வில்லியம் கேமரன் 1885-இல் இம்மலைப் பகுதியை அளக்க வந்தார் என்பதை மாணவர் அறிவர். 1929-இல் ரஸ்ஸல் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியதையும் அறிவர். காட்டை அழித்துச் செடி நட்ட கைகளின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்? சோழர் குலமுறையைத் தடையின்றி ஒப்பிக்கும் பிள்ளை, தன் பாட்டி எந்த ஆண்டு எந்த லயத்தில் குடியேறினார் என்று கேட்டால் விழிக்கிறது. இது பிள்ளையின் குற்றமன்று. பாட்டியின் வாழ்வும் வரலாறே என்று அதற்கு எவரும் சொல்லவில்லை.

சொல்ல முயன்ற புதினங்கள் இல்லாமற் போகவில்லை. சப்பானியர் ஆட்சியில், 1942-43ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கு மாண்டனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை அத்துயரைக் கதையாக்கின. இராசேந்திர சோழனை 'வேங்கையின் மைந்த'னில் பாடுபொருளாக்கி 1963-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அகிலனே, மலேசியப் பால்மரத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். ஒரே எழுதுகோலுக்கு இரண்டும் தகுதியான பொருளாகத் தோன்றின. வாசகருக்கும் அவ்வாறே தோன்ற வேண்டும்.

இதில் ஆசிரியரின் பங்கு பெரிது. புதினம் படித்த மாணவரிடம் கதைச்சுருக்கம் கேட்பதோடு நில்லாமல், மூன்று வினாக்களை முன்வைக்கலாம். எந்தப் பகுதி உன் நெஞ்சைத் தொட்டது? அது நிகழ்ந்தது என்பதற்குச் சான்று எது? இக்கதையில் பேசாதிருப்பவர் யார்? முதல் வினா சுவையையும், இரண்டாவது அறிவையும், மூன்றாவது அறத்தையும் வளர்க்கும். கோட்டையைக் கட்டியவர், கப்பலில் துடுப்பு வலித்தவர் ஆகியோரைத் தேடத் தொடங்கும் மாணவர், தேயிலைக் கூடை சுமந்தவரையும் தேடுவார்.

அத்தேடலுக்குக் காலம் குறைவு. இன்று தேயிலை கொய்யும் வேலையைப் பெருமளவில் வெளிநாட்டுத் தொழிலாளரே செய்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களை நாடிச் சென்றுவிட்டன. கல்வெட்டு ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். முதியவரின் நினைவு காத்திராது. கம்போங் ராஜாவில் 'பொன்னியின் செல்வ'னைப் படித்து முடிக்கும் மாணவர், அடுத்த மாலையில் ஒரு குறிப்பேட்டுடன் தம் பாட்டியின் அருகில் அமர்வாரானால், கல்கி தொடங்கி வைத்த உரையாடல் இம்மலையிலும் தொடரும்.