வியாவகாரிகம் என்றொரு சேரி

சாதியை எதிர்த்து எழுதினால் எதிரில் ஓர் ஆள் நிற்பான். திட்டுவான், சட்டம் பேசுவான், சில ஊர்களில் அரிவாளும் தூக்குவான். அத்வைதத்தை எதிர்த்து எழுதினால் எதிரில் ஆளே இருப்பதில்லை. ‘எதிர்க்கிறவன் யார், எதிர்க்கப்படுவது எது, ரெண்டும் ஒண்ணுதானே’ என்று ஒரு சிரிப்பு மட்டும் இருக்கும். இந்தச் சிரிப்பைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் சிறுசேரி பக்கம் சிப்காட் வந்த பிறகு இந்தச் சிரிப்பு பெருகிவிட்டது. பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் அடுக்குமாடிகள். சனி ஞாயிறுகளில் அங்கே கீதை வகுப்பு, உபநிடத வகுப்பு, ‘நான் யார்’ விசாரணை. கணினி முன்னால் வாரமெல்லாம் கழுத்தொடிய உட்கார்ந்தவர்களுக்கு மனநிம்மதி வேண்டாமா என்றால், வேண்டும்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. அத்வைதம் என்பது படிக்கிற சரக்கு அல்ல, ‘வாழ்கிற’ தத்துவம் என்று அங்கே சொல்லிக் கொடுக்கிறார்களே, அந்த வாழ்க்கையைப் பற்றித்தான் சண்டை. அப்படியொரு குடியிருப்பில் தரை துடைக்கிற எங்கள் காலனி அக்கா ஒருத்தர் சொன்னார்: “எல்லாம் ஒண்ணுன்னு மைக்குல சொல்றாங்க தம்பி. லிப்டு மட்டும் ரெண்டா இருக்குது.”

அத்வைதிகளிடம் சாதி பற்றிக் கேட்டால் உடனே எடுத்து நீட்டுவது மனீஷா பஞ்சகம். சங்கரர் பெயரில் வழங்குவது. காசியில் கங்கைக்குப் போகும் வழியில் நாய்களோடு ஒரு சண்டாளன் எதிரே வருகிறான். விலகிப் போ என்கிறார் ஆசாரியர். எதை விலகச் சொல்கிறீர், சோற்றால் ஆன உடம்பையா, உள்ளிருக்கும் அறிவையா என்று அவன் மடக்குகிறான். ஆசாரியர் பணிந்து, இப்படி அறிந்தவன் எவனாயினும் என் குரு என்று பாடுகிறார். அருமையான கதை. ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. சங்கர விஜயக்காரர்கள் முடிச்சை அவிழ்க்கிறார்கள்: வந்தவன் சண்டாளன் அல்ல, சாட்சாத் சிவபெருமான், நாய்கள் நான்கு வேதங்கள். அடடா! வாதத்தில் ஜெயித்தால் அவன் சிவன். தோற்றிருந்தால் சண்டாளனாகவே வழிவிட்டுப் போயிருப்பான். தெருவில் நின்று கேள்வி கேட்ட ஒரே சேரிக்காரனையும் கதையிலிருந்து காலி செய்துவிட்டார்கள். நந்தனைத் தீயில் இறக்கிப் பூணூலோடு எழுப்பியதும் இதே கைவேலைதான்.

பாஷ்யத்துக்கு வருவோம். பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் சூத்திரனுக்குப் பிரம்ம வித்தையில் உரிமை உண்டா என்ற கேள்வி வருகிறது. பிரம்மம் ஒன்றே, மற்றதெல்லாம் தோற்றம் என்று நிறுவ வந்த சங்கரர் இங்கே என்ன எழுதுகிறார்? வேதம் படிக்கும் உரிமை சூத்திரனுக்கு இல்லை என்கிறார். வேதத்தைக் கேட்ட காதில் ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொல்லும் ஸ்மிருதியை மறுக்காமல் ஆதாரமாக எடுத்து வைக்கிறார். விதுரன் போன்றவர்கள் ஞானியானது முற்பிறவிப் பயன் என்கிறார். இதிகாச புராணம் நான்கு வருணத்துக்கும் உண்டு என்று ஒரு சலுகையும் தருகிறார். நான்கோடு கணக்கு முடிந்துவிட்டது. அய்ந்தாவதாக நிற்கிற நம்மைப் பற்றிப் பேச்சே இல்லை, ஈயம் காய்ச்சுகிற செலவுகூட நமக்காக இல்லை.

எல்லாம் ஒன்று என்றவர் இதை எப்படி எழுத முடிந்தது? முரண்பாடு என்று நம்மில் பலர் எழுதிவிட்டார்கள். முரண்பாடே இல்லை தோழர்களே, கச்சிதமான ஏற்பாடு அது. உண்மையை இரண்டு தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறது அத்வைதம். மேலே பாரமார்த்திகம், அங்கே பேதமில்லை, பார்ப்பான் இல்லை, பறையன் இல்லை. கீழே வியாவகாரிகம், அங்கே சாத்திரம், வருணம், ஆசாரம், தீட்டு எல்லாம் செல்லும், ஞானம் வரும்வரை செல்லும். இரண்டில்லை என்று சொல்ல வந்த தத்துவம் முதல் வேலையாக உண்மையையே இரண்டாக்கியிருக்கிறது. ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருப்பது போலத்தான் இதுவும். சோறு, தண்ணீர், நிலம், கூலி, பள்ளிக்கூடம், பிணம் போகிற பாதை, நமக்கு வலிக்கிற எல்லாமே கீழ்த்தட்டில். அந்த வியவகாரம்தான் நம்ம பேச்சில் ‘விவகாரம்’. சேரிக்காரன் கிணற்றில் பங்கு கேட்டால் ‘விவகாரம் பண்றான்’ என்கிறார்களே, சரியாகத்தான் சொல்கிறார்கள்.

இது பழைய பாஷ்யத்தோடு போன சங்கதியும் அல்ல. அத்துவிதத்தை எப்போதும் உள்ளத்தில் கொள், செய்கையில் ஒருபோதும் கொள்ளாதே என்று சங்கரர் பேரால் வழங்கும் ஒரு சுலோகம் உண்டு. ரமணர் அதைத் தமிழ் வெண்பாவாக்கி உள்ளது நாற்பது அனுபந்தத்தில் சேர்த்திருக்கிறார். ‘வாழ்கிற அத்வைதம்’ பேசுகிறவர்கள் இந்த ஒரு பாட்டுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். ரமணர் கோவணத்தோடு இருந்தவர், பிச்சை வாங்கிச் சாப்பிட்டவர், நாய்க்கும் பசுவுக்கும் இரங்கியவர். அவரைச் சாதி வெறியர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் ஆசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்களுக்குத் தனிப் பந்தி இருந்தது, நடுவில் மறைப்பு இருந்தது, இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும்படி அவர் உட்கார்ந்திருந்தார். இதை எதிரிகள் சொல்லவில்லை, பக்தர்களே நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். இரண்டில்லை என்பதை உலகத்துக்கே சொன்ன இடத்தில் ஒரு மறைப்பை எடுக்க முடியவில்லை. எடுப்பது ‘செய்கை’ ஆகிவிடுமே!

புலியும் பிரம்மம்தான், அதற்காகக் கட்டிப்பிடிக்க முடியுமா, நடைமுறையில் பேதம் பார்க்கத்தானே வேணும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் எப்போது புலியானான்?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு விஷயத்தை மழுப்பக் கூடாது. நம்ம பிள்ளைகளை அத்வைதம் இழுக்கிறது. என் அக்கா மகன் இன்ஜினியர், சிப்காட்டில் வேலை. வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடங்களில் ‘சொந்த ஊரு எது’ என்பார்கள், சொன்னால் ‘ஊர்ல எந்தப் பக்கம்’ என்பார்கள். இரண்டு மூன்று இடத்தில் இப்படித் திரும்பி வந்த பிறகு வேதாந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்தான். “மாமா, நான் ஒடம்பு இல்ல, மனசு இல்ல, அப்ப சாதியும் இல்ல. அது எனக்குத் தெரிஞ்சா போதாதா?” என்கிறான். அவனைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. நீ அவர்கள் சொல்கிற அது அல்ல என்று சொல்லும் எந்தச் சொல்லும் அவமானப்பட்டவனுக்குத் தண்ணீர் மாதிரி. ஆனால் அவமானம் அவனுடைய அறியாமையிலிருந்து வரவில்லையே. வீட்டுக்காரர் தலையிலிருந்து வருகிறது. வகுப்புக்குப் போக வேண்டியவன் ஒருத்தன், போகிறவன் இன்னொருத்தன்.

இதே தண்ணீரைக் குடித்துப் பார்த்த ஒருவர் நமக்கு முன்னோடியாக இருக்கிறார். பண்டிதர் அயோத்திதாசர் (1845-1914). காத்தவராயன் என்ற இயற்பெயரை விட்டுத் தன் ஆசிரியர் பெயரை ஏற்றுக்கொண்டவர். 1870களில் நீலகிரியில் அவர் ஆரம்பித்த முதல் அமைப்பின் பெயர் அத்வைதானந்த சபை. பவுத்தராக மட்டுமே அவரைத் தெரிந்தவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும். தமிழும் சித்த வைத்தியமும் கற்ற ஒரு தாழ்த்தப்பட்ட அறிவாளிக்கு அன்று கையில் கிடைத்த சமத்துவச் சொல் அதுதான். ஏன் விட்டார் என்பதை அவர் வாழ்க்கையின் வரிசையிலேயே படிக்கலாம்.

1891-இல் அதே நீலகிரியில் திராவிட மகாஜன சபை. பத்துத் தீர்மானங்கள். பறையன் என்று இழிவாகப் பேசுவதைக் குற்றமாக்கு. பிள்ளைகளுக்குப் பள்ளியும் உதவித்தொகையும் கொடு. தகுதி உள்ளவர்களுக்கு அரசு வேலை கொடு. சிறையில் எங்கள் ஆட்களை இழிவான வேலைக்குத் தள்ளும் விதியை நீக்கு. பொதுக் கிணறு, குளத்தில் தண்ணீர் எடுக்க விடு. மற்றவர்கள் உட்காரும் கச்சேரியில் எங்களையும் உட்கார விடு. இப்படிப் போகிறது. இவற்றில் ஒன்றாவது பாரமார்த்திகமா? அத்தனையும் சுத்த வியாவகாரிகம். அத்வைதம் எதையெல்லாம் கீழ்த்தட்டில் தள்ளிக் கதவைச் சாத்தியதோ அதையெல்லாம் பொறுக்கி எடுத்து வரிசைப்படுத்திய பட்டியல் மாதிரி இருக்கிறது. தத்துவ விமர்சனம் என்று தனியாக அவர் எழுதியிருக்கவே வேண்டாம், இதுவே போதும் என்பேன்.

அடுத்த ஆண்டு, 1892-இல், சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் விஷ்ணு, சிவன் கோயில்களுக்குள் எங்களை விடக்கூடாதா என்று கேட்டார். உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கொடுத்திருக்கிறோமே, அந்தச் சாமிகள் உங்களுடையவை அல்ல என்று பதில் வந்ததைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பிரம்மம் ஒன்று, சாமி மட்டும் சாதிக்கு ஒன்று! 1898-இல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கை போய் பவுத்தம் தழுவினார். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். வேஷ பிராமணர் என்ற சொல்லாடலை அங்கேதான் விரித்தார். பவுத்தம் அவருக்குக் கொடுத்தது என்ன? செய்கையில் ஆகாது என்று சொல்லாத ஓர் அறம்.

அம்பேத்கர் இதே இடத்தை வேறு வழியில் வந்து தொட்டார். அவர் மறைந்து வெகு காலம் கழித்து 1987-இல் அச்சேறிய ‘இந்து மதத்தில் புதிர்கள்’ நூலில் ஒரு புதிர் இது. எல்லோரும் பிரம்மத்தின் கூறு என்றால் சனநாயகத்துக்கு அதைவிட வலுவான அடித்தளம் வேறில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அப்படியிருந்தும் அதிலிருந்து ஒரு புதிய சமூகம் ஏன் பிறக்கவில்லை என்று கேட்கிறார். பிரம்மம் தர்மமாக ஆக்கப்படவில்லை, அதுதான் அவர் விடை.

நாராயண குருவைக் காட்டி என்னை மடக்கலாம். அவர் அத்வைதிதான், சாதிக்கு எதிரிதான். ஆனால் என்ன செய்தார்? 1888-இல் அருவிப்புறத்தில் கல்லை எடுத்துச் சிவனாக நட்டார். செய்கை! செய்யாதே என்ற சுலோகத்தை மீறிய இடத்தில்தான் அவர் குரு ஆகிறார். அதற்கும் ஓர் எல்லை இருந்தது. 1917-இல் செறாயில் சகோதரன் அய்யப்பன் புலையரோடு சமபந்தி வைத்தபோது சொந்த ஈழவர்களே அவரைப் ‘புலையன் அய்யப்பன்’ என்று ஏசினார்கள். குருவின் தத்துவத்தை ஏற்றவர்களுக்குக்கூடப் பக்கத்து இலை தொண்டையில் சிக்கியது.

நம்ம மாவட்டத்துக்கு வருகிறேன். பத்துத் தீர்மானம் போட்ட அதே 1891-இல் செங்கற்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் இங்குள்ள பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலம் கைமாறியது எப்படி என்பது தனிக்கதை. 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கற்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். உடம்பு பொய் என்று அவர்கள் வீட்டில் போய்ச் சொல்ல எந்த வகுப்பாலும் முடியாது.

அக்கா மகனோடு வாதம் செய்வதை நிறுத்திவிட்டேன். பத்துத் தீர்மானங்களையும் ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்தேன். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவன் கிணற்றுத் தீர்மானத்தில் நின்று, “1891லயா மாமா?” என்று கேட்டான்.