மாதத் தொகுப்பில் அடங்காத ஒரகடம்: நடப்பு நிகழ்வுப் பயிற்சி குறித்து ஒரு மதிப்பீடு

குடிமைப் பணித் தேர்வுகளுக்கு ஆயத்தமாவோர் ‘நடப்பு நிகழ்வுகள்’ என்று அழைக்கும் பகுதிக்குப் பாடநூல் கிடையாது, எல்லையும் கிடையாது. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் முதனிலைத் தேர்வுப் பாடத்திட்டம், தேசிய, பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட நிகழ்வுகள் என்ற ஒற்றை வரியோடு இதனை முடித்துக்கொள்கிறது. வரையறுக்கப்படாத இந்த இடத்தை நிரப்புவதற்கென்றே ஒரு பயிற்சி முறை உருவாகி, பயிற்சி மையங்களும் அச்சிதழ்களும் கைபேசிச் செயலிகளும் ஒருபோலப் பின்பற்றும் பொதுவழக்காக நிலைபெற்றிருக்கிறது. நாளிதழிலிருந்து அன்றன்று குறிப்பெடுத்தல், அக்குறிப்புகளைக் கொள்குறி வினாக்களாக, அதாவது தரப்பட்ட நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களாக மாற்றிப் பயிலுதல், மாத இறுதியில் தொகுப்பு நூலைப் படித்தல், தேர்வு நெருங்கும்போது பன்னிரண்டு மாதத் தொகுப்புகளையும் திருப்பிப் பார்த்தல் என்பன அதன் படிகள். இம்முறை தேர்வருக்கு எதைத் தருகிறது, எதை மறைக்கிறது என்பதை ஆராய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் நெடுவழி தக்க சான்றாகும்; கடந்த கால் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் இத்தொகுப்புகளுக்கு இவ்வளவு செய்தி அளித்த நிலப்பரப்பு வேறொன்று இருப்பது அரிது.

இம்முறையின் வலிமையை முதலில் குறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். படித்ததை நினைவிலிருந்து மீட்டெடுக்கும் பயிற்சி, அதே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நெடுநாள் நினைவை உறுதிசெய்கிறது என்பதை உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நாள்தோறும் சில வினாக்களுக்கு விடையளிக்கும் வழக்கம் அந்த வகையில் அறிவியல் அடிப்படை உடையதே. முதனிலைத் தேர்வின் முதல் தாளில் 100 வினாக்களுக்கு 200 மதிப்பெண். தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். ஆகவே தனக்குத் தெரியாதது எது என்று அறிந்து வினாவைத் தொடாமல் விடுவதும் ஒரு திறனாகிறது. அத்திறன் பயிற்சியின்றி வருவதில்லை. இதைவிடப் பெரிய நன்மை சமூகம் சார்ந்தது. முதனிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைவதால், தமிழ்வழியில் படித்த தேர்வருக்குத் தொடக்கத்திலேயே ஒரு தடை நிற்கிறது. ஆங்கில நாளிதழை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வாசிக்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வந்து, எஞ்சிய நேரத்தில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 2 அல்லது தொகுதி 4 தேர்வுக்குப் படிக்கும் பட்டயப் படிப்பு முடித்த இளைஞருக்குத் தமிழில் கிடைக்கும் மலிவான மாதத் தொகுப்பே படிப்பறையாகவும் நூலகமாகவும் அமைகிறது. தொகுப்புகளைக் குறைகூறும் எந்த வாதமும் இந்த உண்மையை மறந்துவிட்டு எழுப்பப்படக் கூடாது.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது: இம்முறை அறிவை அளக்கும் அலகாகத் தேதியைக் கொள்கிறது. ஓர் அறிவிப்பு, ஒரு திறப்பு விழா, ஒரு தொகை, ஒரு ‘முதல்’ அல்லது ‘மிகப் பெரிய’ என்னும் அடைமொழி ஆகியவை ஒருவரிக் குறிப்பில் எளிதாக அமர்ந்துவிடுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான், 2012இல் அங்கேயே டெய்ம்லர் என நெடுவழியின் வரலாறு நிறுவனமும் ஊரும் இணைந்த இணைகளாகத் தேர்வரின் குறிப்பேட்டில் சேர்கிறது. பல ஆண்டுகளில் மெல்ல நிகழ்வதும், ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு நகர்வதும், யாரும் அறிவிக்காமலே முடிவதும் இவ்வாறு சேர்வதில்லை. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியதற்குப் பின்னால் மென்பொருள் உரிமத்தொகை மீதான வரிவழக்கும், அவ்வழக்கில் சொத்து முடக்கப்பட்டதால் மைக்ரோசாஃப்ட் வாங்கிய நோக்கியாவின் கைபேசிப் பிரிவில் அந்த ஆலை சேர முடியாமற்போனதும் இருக்கின்றன. வரிநிர்வாகம், முதலீட்டுக் கொள்கை, வேலையிழப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்பிக்கக்கூடிய நிகழ்வு இது. எனினும் ஆலை திறந்த ஆண்டைக் கேட்பது போல, அது மூடப்பட்ட காரணத்தை நான்கு விடைகளுக்குள் வைத்துக் கேட்பது கடினம்.

இக்குறை மிகத் தெளிவாக வெளிப்படுவது ஃபாக்ஸ்கான் தொழிலாளர் தங்குமிடம் பற்றிய செய்திகளில். 2021 டிசம்பரில், ஐஃபோன் தயாரிக்கும் அந்நிறுவன ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவம் பெற நேர்ந்தது. அதைத் தொடர்ந்து தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்று மீண்டும் திறந்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட், அதாவது தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம், 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்குவதற்குக் கட்டிய வளாகத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். இரண்டாம் நிகழ்வு இடம், தொகை, எண்ணிக்கை மூன்றும் கொண்ட முழுமையான கொள்குறி வினா; முதல் நிகழ்வு அப்படி அமையவில்லை. இரண்டுக்கும் இடையே 32 மாதங்கள் இருப்பதால், பன்னிரண்டு மாத எல்லைக்குள் திருப்பிப் பார்க்கும் தேர்வர் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் காண வழியே இல்லை. ஆனால் ஆட்சியருக்கோ துணை ஆட்சியருக்கோ தெரிந்திருக்க வேண்டியது இவற்றுக்கு இடையிலான தொடர்பே: ஒப்பந்ததாரர் வழியே வேலைக்கு அமர்த்தப்பட்டவர் தங்கும் விடுதியின் உணவுக்கும் கழிப்பறைக்கும் யார் பொறுப்பு, உள்ளாட்சிக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் இடையே அதிகாரம் எவ்வாறு பிரிந்திருக்கிறது, அரசே தங்குமிடம் கட்டுவதால் நிறுவனத்தின் கடமை குறைகிறதா என்பன. 18,720 என்ற எண்ணை மனனம் செய்தவர் இவற்றுள் எதையும் அறிந்தவராகிவிடுவதில்லை.

பன்னிரண்டு மணி நேர வேலை பற்றிய சட்டமுன்வடிவு இதே குறையின் இன்னொரு முகம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, வேலைநேரம், ஓய்வு, மிகைநேர ஊதியம் பற்றிய விதிகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களிக்க வழிசெய்த அந்த முன்வடிவு 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறியது; கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த நிலையில் ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளில் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் தொகுப்பில் ஓர் உண்மையாகவும் மே தொகுப்பில் அதற்கு மறுப்பாகவும் இது பதிவாகும். தொழிற்சங்கங்களும் தொழில் தகராறுகளும் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் 22ஆம் பதிவில் இருப்பதும், ஒன்றியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலத் திருத்தத்துக்கு 254(2) உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படுவதும் அரசியலமைப்புப் பாடநூலில் தனியே கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்கக் கற்றவருக்கு அந்தப் பத்து நாள்கள் கூட்டாட்சி பற்றிய ஒரு முழுப் பாடமாகும். பயிற்சி முறை அவ்வாறு சேர்க்கக் கற்பிப்பதில்லை.

இக்குறைக்கு வினா வடிவமும் ஒரு காரணம். கொள்குறி வினாவுக்கு ஐயத்துக்கு இடமில்லாத ஒரே விடை வேண்டும். நீதிமன்ற வழக்கில் இருப்பதும் கருத்து மாறுபாடு உடையதும் வினாவாக முடியாமல் விலகிவிட, அரசின் செய்திக்குறிப்பில் உள்ள எண்ணும் பெயரும் எஞ்சுகின்றன. 2023 முதனிலைத் தேர்வில், தரப்பட்ட கூற்றுகளில் எத்தனை சரியானவை என்று மட்டும் கேட்கும் வினாக்கள் பெருகின. ஒரு கூற்றைத் தவறென்று கண்டு மற்றவற்றை ஊகிக்கும் வழி அதனால் அடைபட்டது. அறிவின் ஆழத்தைச் சோதிக்கும் நோக்கம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் பயிற்சி முறையோ இன்னும் அதிகமான குறிப்புகளைச் சேர்ப்பதையே அதற்கு மறுமொழியாகக் கொண்டது. இது வருந்தத்தக்கது.

விரிவான விடை எழுதும் முதன்மைத் தேர்வு இதனைச் சரிசெய்துவிடும் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2024 செப்டம்பரில் நடந்த முதன்மைத் தேர்வின் மூன்றாம் பொது அறிவுத் தாள், பழைய தொழிலாளர் சட்டங்களை ஒருங்கிணைத்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் நிறைகுறைகளையும் அவற்றின் முன்னேற்றத்தையும் ஆராயும்படி கேட்டது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் அப்போதும் தொடர்ந்துகொண்டிருந்தது. 37 நாள்கள் நீடித்து அக்டோபர் 15 அன்றே முடிந்தது. அதன் மையக் கோரிக்கைகளுள் ஒன்று ஊதியத்தைக் கடந்தது: சி.ஐ.டி.யூ. என்னும் தொழிற்சங்கக் கூட்டமைப்பைச் சார்ந்த தங்கள் சங்கத்தை 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி பதிவு செய்வதும், நிர்வாகம் அதனை ஏற்பதும். பதிவு என்பது அரசு அலுவலரின் செயல். ஏற்பு என்பது பேச்சுவார்த்தையில் எதிர்த்தரப்பாக ஒப்புக்கொள்ளுதல். அந்தச் சட்டம் முதலாவதற்கு வழிசெய்து, இரண்டாவதைக் கட்டாயமாக்காமல் விட்டிருந்தது. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று. தேர்வறையில் இருந்த தேர்வருக்கு விடையின் உயிர்நாடியே அந்தப் போராட்டத்தில் இருந்தது; ஆனால் ‘எத்தனை நாள் வேலைநிறுத்தம், எந்த ஊர், எந்தச் சங்கம்’ என்ற அளவில் அதனைப் பழகியவர், நிறை நான்கு, குறை நான்கு, முன்னோக்கிய வழி ஒன்று என்னும் வார்ப்பில்தான் விடையை எழுத முடிந்திருக்கும். முதன்மைத் தேர்வு ஆழத்தைக் கேட்கிறது என்பது மெய். கேட்கும் நாள் வரை அதற்கு எதிரான பழக்கத்திலேயே ஆண்டுகள் கழிகின்றன என்பதும் மெய்.

மாதத்தை அலகாகக் கொள்வதற்கு மாற்றாக ஓர் இடத்தையோ சிக்கலையோ அலகாகக் கொண்டு, அரசு அலுவலகத்தில் கோப்பு வளர்வதைப் போலக் குறிப்பை வளர்த்துச் செல்வது நடைமுறைக்கு ஒவ்வாததன்று. நாள்தோறும் வினா பயிலும் வழக்கத்தைக் கைவிடவும் வேண்டியதில்லை. வினாவின் உள்ளடக்கம் மாறினால் போதும். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்து, 1926ஆம் ஆண்டுச் சட்டமும் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுள் அடங்கிவிட்டன. தொழில் உறவுகள் தொகுப்பின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ள ஆலையில், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தை நடத்தும் தனிச் சங்கமாக ஏற்கப்படும். நடப்பு நிகழ்வு மாதத் தொகுப்புகள் நவம்பர் 21 என்ற தேதியையும் 51 என்ற எண்ணையும் தவறாமல் கேட்கும். ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் மட்டும் பெயர் உள்ள தொழிலாளர்கள் நிறைந்த ஒரகடத்து ஆலையில் அந்த 51 விழுக்காடு யாரை வைத்துக் கணக்கிடப்படும் என்பதையும் அவை கேட்க வேண்டும்.