பழுது பட்டையில் இல்லை, வயரில்

காரில் கால் வைக்கும் இடங்களில் ஒட்டும் பலவண்ண எல்இடி செட் ஒன்றைப் பொருத்திப் பார்த்தேன். நான்கு பட்டைகள், ஒரு புளூடூத் பெட்டி, செல்போன் செயலி. நிறங்கள் பளிச்சென்று இருக்கின்றன, செயலியும் சொன்னபடி கேட்கிறது. கூடவே வரும் வயரிங்தான் படு மோசம்.

சில வாரங்களில் வெள்ளை நிறம் போட்டால் பின்சீட்டுப் பக்கம் மட்டும் செம்மை தட்டியது. எல்இடி போய்விட்டதென்று பட்டையை மாற்றத் தேவையில்லை. இந்த 12 வோல்ட் பட்டைகளில் மும்மூன்று எல்இடிகள் தொடராக இருக்கும். சிவப்பு எல்இடி ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட் போதும்; பச்சைக்கும் நீலத்துக்கும் சுமார் 3 வேண்டும். வழியில் வோல்டேஜ் குறைந்தால் அவை இரண்டும் முதலில் மங்கும், சிவப்பு மிஞ்சும். நான்கு பட்டையும் சிவந்தால் பெட்டிக்கு வரும் எர்த்தையும் சப்ளையையும் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் அதற்குப் போகும் வயர். என் வண்டியில் பின்பக்க பிளக்கின் உலோக ஊசி தளர்ந்திருந்தது. வெட்டி சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டதும் வெள்ளை திரும்பியது.

ஒரு நிறம் மட்டும் எரியாவிட்டாலும் இதே கணக்குதான்: எல்லாப் பட்டையிலும் இல்லையென்றால் பெட்டி, ஒன்றில் மட்டும் என்றால் அதன் வயர். வரிசையாக மூன்று எல்இடி மட்டும் இருண்டால் அந்தத் துண்டு போயிற்று.

வயரிங் தெரிந்தவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல செட்களில் பட்டைக்குப் போகும் கறுப்பு வயர்தான் ப்ளஸ். நிறங்களின் மைனஸைப் பெட்டி கட்டுப்படுத்துகிறது. கறுப்பு என்றால் எர்த் என்று பாடியில் இறுக்கினால் ஃபியூஸ் போகும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் இணைக்காதீர்கள்.

ஃபியூஸ் விஷயத்தில் நான் கறார். என் செட் முழு வெள்ளையில் இழுப்பது சுமார் 1.5 ஆம்பியர்தான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸோ பெரும்பாலும் 15 ஆம்பியர். இந்த முடி போன்ற வயர் ஷார்ட் ஆனால், அந்த ஃபியூஸ் போவதற்குள் வயர் உருகிவிடலாம். ஃபியூஸ் காப்பது வயரைத்தான், விளக்கை அல்ல. அதனால் சப்ளை தொடங்கும் இடத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் தனியாகப் போட்டேன். அந்தச் சப்ளையும் சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் லைனிலிருந்து எடுத்தது; இல்லையென்றால் புளூடூத் பெட்டி இரவெல்லாம் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

சால்டரிங் தெரிந்த எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருந்தால் வாங்குங்கள். செட்டோடு வரும் பிளக்கை நம்பி மட்டும் வேண்டாம்.