காற்கூறும் அரைக்கூறும்: நன்னூல் பொதுப்பாயிரமும் எழுத்துப் பயிற்சி வகுப்பின் கலந்துரையாடலும்

எழுதக் கற்பிப்போரை உருவாக்கும் பட்டமேற்படிப்பு வகுப்பில் கலந்துரையாடலை எவ்வாறு நடத்துவது என்னும் வினா தமிழ்க் கல்வியுலகில் அரிதாகவே எழுப்பப்படுகிறது. கருத்தரங்கம் என்று பெயர் பெற்ற வகுப்பிலும் மாணவர் ஒருவர் கட்டுரை படிப்பதும், ஏனையோர் வாளாவிருப்பதும், இறுதியில் பேராசிரியர் தீர்ப்புரைப்பதுமே பெருவழக்கு. இவ்வழக்கை மரபு என்று காப்போர் நன்னூலைத் துணைக்கு அழைப்பர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்கிப் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூலின் பொதுப்பாயிரம், பாடம் கேட்போன் ஓவியப் பாவைபோல் அடங்கியிருக்க வேண்டும் என விதிக்கிறது என்பது உண்மையே. அவ்விதியை அதன் சூழலிலிருந்து பிரித்து ஓதுவதில்தான் பிழை உள்ளது.

அடங்கியிருத்தல் ஆசிரியர் உரைக்கும் வேளைக்கு உரியது. அதனை அடுத்து, நூல் பயிலும் இயல்பைத் தொகுக்கும் நூற்பா ஏழு கடமைகளைச் சொல்கிறது. அவற்றுள் உடன் கற்போருடன் பழகுதலும், வினவுதலும், வினவப்பட்டவற்றுக்கு விடை கூறுதலும் இடம்பெறுகின்றன. பவணந்தியார் மேலும் ஒரு கணக்குத் தருகிறார். ஆசிரியர் உரைத்ததை முழுதும் உள்வாங்கினாலும் கிடைப்பது புலமையின் காற்கூறே. உடன் பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு காற்கூறு சேரும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும். ஆசிரியர் குரல் மட்டும் ஒலிக்கும் வகுப்பு, நன்னூலின் கணக்கின்படியே, முக்கால் பங்கு கல்வியை இழந்த வகுப்பு.

மேலைநாட்டு எழுத்துக் கல்வியில் இக்கருத்து மிகப் பிந்தியே வலுப்பெற்றது. 1973இல் வெளிவந்த நூலில் பீட்டர் எல்போ, ஆசிரியர் இன்றியே எழுதுவோர் குழுவாகக் கூடி, ஒருவர் எழுத்து மற்றவர் உள்ளத்தில் என்ன நிகழ்த்தியது என்பதை உரைக்கும் முறையை முன்வைத்தார். 1984இல் கென்னத் புரூஃபி, சிந்தனை என்பது அகவயப்பட்ட உரையாடல் என்றும், எழுத்து அவ்வுரையாடலின் மறுவெளிப்பாடு என்றும் வாதிட்டார். எனினும், அனைத்தும் நம்மிடம் முன்பே இருந்தன என்று பெருமிதம் கொள்வது ஆய்வாகாது. பொதுப்பாயிரத்தின் எல்லைகளும் தெளிவானவை.

முதலாவது எல்லை, மாணாக்கரை அன்னம், மண், இல்லிக்குடம் முதலிய உவமைகளால் தலை, இடை, கடை என வகுப்பது. பயிற்சியால் ஒருவர் மாறக்கூடும் என்னும் நம்பிக்கைக்கு அவ்வகைப்பாடு இடந்தருவதில்லை. இரண்டாவது எல்லை இதனினும் முதன்மையானது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல் முதலிய பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் நூலின் இலக்கணம் கூறும் பகுதியில் நிற்கின்றன. வினவுதலும் விடை கூறுதலும் பாடங்கேட்டலின் பகுதியில் நிற்கின்றன. எழுத்தை மதிப்பிடும் சொற்கள் ஓரிடத்திலும் உரையாடும் முறை வேறோரிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. மாணாக்கன் எழுதிய வரைவு ஒன்று வகுப்பின் நடுவில் வைக்கப்படும் காட்சி பொதுப்பாயிரத்தில் இல்லை.

அக்காட்சிக்கு அண்மையில் வருவது இறையனார் அகப்பொருள் உரையில் காணும் வரலாறு. 49 புலவர்கள் உரைத்த உரைகளுள் மெய்யுரை எதுவெனத் தேர்ந்தவன் பேச இயலாத சிறுவனான உருத்திரசன்மன். மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களிலும் நக்கீரர் உரைக்குப் பதந்தோறும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான் என்பர். இது தொன்மமே ஆயினும் இதனுள் ஒரு திறனாய்வுக் கொள்கை உண்டு. கேட்போன் உள்ளத்தில் நிகழ்வதே முதற்சான்று. குற்றமும் குணமும் பெயரிடப்படுவது அதன் பின்னரே.

இவற்றை இணைத்தால் வகுப்பு நடத்துவோர்க்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. வரைவு முன்னரே அனைவர் கையிலும் சேர வேண்டும். எழுதியவர் முதலில் பேசாதிருக்க, ஏனையோர் தாம் பெற்றுக்கொண்டது இன்னதெனச் சொல்ல வேண்டும். தீர்ப்புக்கு அப்போது இடமில்லை. பின்னரே குற்றங்களின் பெயர்கள் பயன்பட வேண்டும், அதுவும் குறித்த வாக்கியத்தைச் சுட்டி. ஆசிரியர் இறுதியில் பேசுவது நன்று. அவர் முதலில் பேசினால் பிற குரல்கள் அவர் குரலின் எதிரொலியாகிவிடும். நிறைவாக, எழுதியவரே திருத்தத்தின் காரணத்தை வகுப்புக்கு விளக்க வேண்டும். அரைக்கூறு பிறக்குமிடம் அதுவே.

இதன் தேவை புலம்பெயர் சூழலில் கூர்மையடைகிறது. ஜித்தாவின் ஷரஃபியா போன்ற, தெற்காசியர் நெருங்கி வாழும் வளைகுடாப் பகுதிகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் அரபும் இந்தியும் மலையாளமும். அங்கே தமிழ் எழுதக் கற்பிக்க முன்வருபவர், விடைத்தாளைச் சிவப்பு மையால் திருத்துவதை மட்டும் அறிந்திருந்தால், அப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்து பிழைகளின் பட்டியலாகவே எஞ்சும். எழுதியதைப் படித்து மறுமொழி சொல்ல நால்வர் இருக்கிறார்கள் என்று அறியும் பிள்ளையே மீண்டும் எழுதும். அந்த நால்வரை ஒரு வட்டமாக அமர்த்தும் திறனைக் கற்பிப்போர் தம் பட்டமேற்படிப்பு வகுப்பில் பெறவில்லையெனில், வேறெங்கும் பெறுதல் அரிது. தமிழ்த்துறைகள் தம் கருத்தரங்க வகுப்புகளை மறுசீரமைக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.